பருந்துப் படமும் அப்பாவின் மைக்ரோமீட்டரும்

பீன்யாவில் பறவைச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் லேத் ஓடும், பிரஸ் அடிக்கும், கிரைண்டர் கிறீச்சிடும். பெங்களூருவின் வடமேற்கில், தும்கூர் சாலையை ஒட்டி 1970களின் பிற்பகுதியில் உருவான தொழிற்பேட்டை அது. ஆசியாவின் மிகப் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று. வேலை நாளில் அங்கே குருவி கத்தினால் பக்கத்துக் கிளையில் இருக்கும் குருவிக்கே கேட்குமா என்பது சந்தேகம்தான்.

என் அக்கா வீடு அங்கேதான். அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன முறை போனபோது என்னுடைய பழைய கேமராவை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என்னை உலுக்கி எழுப்பினாள்.

"மாமா, லீவு நாள்லயும் யாரோ வேலை செய்யறாங்க. தகரம் தட்டுற சத்தம் கேக்குதா?"

கேட்டது. டுக்... டுக்... டுக்... ஒரே சீராக, கடிகாரம் வைத்துத் தட்டுவதுபோல. மாடிக்குப் போய்ப் பார்த்தோம். எதிரே அரசமரத்தின் உச்சிக் கிளையில் சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பச்சைப் பறவை ஒன்று. நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். செம்மார்புக் குக்குறுவான்! செம்புப் பாத்திரம் தட்டும் கன்னானின் சுத்தியல் சத்தம்போல இருப்பதால், ஆங்கிலத்தில் கன்னான் என்று பொருள்படும் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். பட்டறைகள் நிறைந்த பீன்யாவுக்கு இதைவிடப் பொருத்தமான பறவை உண்டா?

அவள் படபடவென்று படம் எடுத்தாள். பிறகு ஒரு பையை எடுத்து வந்து, இந்த இரண்டு மாதத்தில் எடுத்து அச்சுப் போட்டு வைத்திருந்த பறவைப் படங்களைத் தரையில் பரப்பினாள். முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

"என்ன கண்ணு? நல்லாத்தானே இருக்கு?"

"பாத்தீங்களா, நீங்களும் அதையே சொல்றீங்க! பாட்டி 'நல்லா இருக்கு'ன்னாங்க. பக்கத்து வீட்டுப் பையன் 'தும்ப சென்னாகிதே'ன்னான். அதுக்கும் கன்னடத்துல ரொம்ப நல்லா இருக்குன்னுதான் அர்த்தம். கிளாஸ்ல ஒருத்தி 'இதெல்லாம் ஒரு போட்டோவா'ன்னா. நாளைக்கு நான் என்ன மாத்தணும்னு மட்டும் யாருமே சொல்லலை."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பல் துலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த அவள் அப்பாதான் பதில் சொன்னார்.

எங்கே, எவ்வளவு, என்ன செய்யணும்?

அவர் பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். வாய் கொப்பளித்துவிட்டு வந்து, அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். உள்ளே மைக்ரோமீட்டர். உங்கள் பாடப் புத்தகத்தில் 'திருகு அளவி' என்று இருக்குமே, அதுதான். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அளந்துவிடும்.

"25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஒண்ணு கடையறேன்னு வை. செக் பண்றவர் வந்து 'மோசம்'னு சொல்லிட்டுப் போனா எனக்கு என்ன தெரியும்? 'சூப்பர்'னு சொன்னாலும் அதே கதைதான். அவர் என்ன எழுதுவார் தெரியுமா? 'இந்த முனையில 25.05 இருக்கு, 0.05 கூட. இன்னொரு தடவை கடையணும்.' எங்கே, எவ்வளவு, என்ன செய்யணும். மூணும் இருந்தாத்தான் அது எனக்கு உபயோகம்."

இதற்குப் பெயர் பின்னூட்டம். இது வெறும் கருத்துச் சொல்லும் விஷயம் இல்லை. அறிவியலில் பெரிய இடம் பிடித்த ஒரு கருத்து. உங்கள் வீட்டு மாடித் தொட்டியில் ஒரு மிதவைப் பந்து இருக்கிறதா? தண்ணீர் ஏற ஏறப் பந்து ஏறும். நிறைந்ததும் குழாயை அடைத்துவிடும். தண்ணீர் இறங்கினால் பந்தும் இறங்கி, குழாயைத் திறந்துவிடும். 'இப்போது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இருக்க வேண்டும்' என்ற வித்தியாசத்தைத் தொட்டி தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறது. தப்பைத் திருத்தும் பின்னூட்டம் இது.

இன்னொரு வகையும் உண்டு. கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'கூ...' என்று ஊளையிடுமே! ஸ்பீக்கரில் வந்த சத்தம் மைக்குக்குள் போய், பெரிதாகி வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், இன்னும் பெரிதாகிறது. அங்கே திருத்தம் எதுவும் இல்லை, பெருக்கம் மட்டும்தான். 'சூப்பர்' என்பதை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர், அதே படத்தை நூறு தடவை எடுத்துக்கொண்டிருப்பாரே, அது இந்த வகை.

"சரி, படத்தை எடு. ஒவ்வொண்ணா அளந்து பாக்கலாம்" என்றார் அவள் அப்பா. அவருக்கு லேத் தெரியும். எனக்குக் கொஞ்சம் பறவை தெரியும். இருவரும் உட்கார்ந்தோம்.

முதல் படம்: பறக்கும் பருந்து

பீன்யா வானத்தில் கரும்பருந்துக்குப் பஞ்சமே இல்லை. கள்ளப்பருந்து என்றும் சொல்வார்கள். வெயில் ஏறி, தகரக் கூரைகள் சூடானதும், சூடான காற்று மேலே கிளம்பும். அதில் ஏறிக்கொண்டு, இறக்கையை அசைக்காமலே வட்டம் அடிக்கும். அவள் எடுத்த படத்தில் பருந்து கலங்கலாக இருந்தது.

'கலங்கலா இருக்கு' என்பது அளவு இல்லை. ஏன் கலங்கல் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி: படத்தில் எந்தப் பொருள் தெளிவாக இருக்கிறது என்று தேடுங்கள். பின்னால் இருக்கும் மின்கம்பி தெளிவாக இருந்து, பருந்து மட்டும் பஞ்சுபோல மென்மையாகத் தெரிந்தால் கேமரா கம்பியைப் பார்த்துக் குவிந்திருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. கம்பி தெளிவு, பருந்து மட்டும் கோடு கோடாக இழுபட்டிருக்கிறது என்றால் பருந்தின் வேகம்தான் காரணம். அவள் படம் மூன்றாவது வகை.

வேகம் என்றால் எவ்வளவு? கணக்குப் போட்டோம். பருந்து விநாடிக்கு 10 மீட்டர் போவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர். தெருவில் போகும் பைக் வேகம். அவள் கேமராவின் ஷட்டர் விநாடியில் 125இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தது. அதற்குள் பருந்து எவ்வளவு தூரம் போயிருக்கும்?

10 மீட்டரை 125ஆல் வகுத்தால் 8 சென்டிமீட்டர்! ஒரே படத்துக்குள் பருந்தின் அலகு 8 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது. பிறகு எப்படித் தெளிவாக விழும்? ஷட்டரை 2000இல் ஒரு பங்குக்கு வைத்தால்? வெறும் 5 மில்லிமீட்டர்தான். பருந்து போகும் திசையிலேயே கேமராவையும் திருப்பிக்கொண்டே வந்தால் அதுவும் இன்னும் குறையும்.

"ஆக, ஷட்டர் வேகம் 16 மடங்கு கூட்டணும்" என்று எழுதிக்கொண்டாள். இதுதான் அளவு.

இன்னொன்றும் இருந்தது. பருந்தின் வால் படத்துக்கு வெளியே போய்விட்டது. 'வால் போச்சே, பார்க்க நல்லா இல்லை' என்று சொல்லலாம். ஆனால் உண்மையான நஷ்டம் வேறு. கரும்பருந்தை அடையாளம் காட்டுவதே வால்தான். அது நடுவில் பிளந்து, கவைபோல இருக்கும். செம்பருந்தின் வால் நுனி வளைந்து உருண்டையாக இருக்கும். வால் வெட்டுப்பட்டால் பறவையின் முகவரியே போய்விடுகிறது. அதோடு, பருந்து அந்த வாலைத்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கித் திரும்புகிறது. காற்று தள்ளியதும் வால் திருத்தும்; மறுபடி தள்ளினால் மறுபடி திருத்தும். மேலே பறந்துகொண்டே அதுவும் பின்னூட்டம் வாங்கிக்கொண்டேதான் இருக்கிறது!

இரண்டாவது படம்: வெள்ளைக் கொக்கு

பீன்யாவுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் ஹெசரகட்டா ஏரி இருக்கிறது. பெங்களூருக்குக் குடிநீர் கொடுப்பதற்காக அர்க்காவதி ஆற்றின் குறுக்கே 1894இல் கட்டியது. அங்கே எடுத்த கொக்குப் படம். பின்னால் இருட்டான தண்ணீர். நடுவில் கொக்கு, சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி ஒரே வெள்ளை. ஓர் இறகுகூடத் தனியாகத் தெரியவில்லை.

"கேமரா கெட்டுப்போச்சா மாமா?"

இல்லை. கேமராவுக்குக் கொக்கு வெள்ளை என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் சராசரியாகச் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும். இருட்டான தண்ணீரை நிறையப் பார்த்ததும், 'வெளிச்சம் பத்தவில்லை' என்று தானாகக் கூட்டிவிட்டது. பாவம், கொக்கு எரிந்துபோனது.

சாதாரணப் படக்கோப்பில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரை எண்ணாக இருக்கும். 0 என்றால் முழுக் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை. இறகின் மேடு 250, பள்ளம் 235 என்று இருந்தால் நமக்கு இறகு தெரியும். மேடும் 255, பள்ளமும் 255 ஆகிவிட்டால்? இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. எந்த மென்பொருளாலும் அந்த இறகைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அவள் அப்பா உடனே பிடித்துக்கொண்டார். "எங்க பட்டறையிலயும் இதேதான். ஷாஃப்ட் 25.05 வந்தா இன்னொரு தடவை கடைஞ்சு சரி பண்ணிக்கலாம். அது ரீவொர்க். 24.95 வந்தா? போன இரும்பைத் திருப்பி ஒட்ட முடியுமா? ஸ்கிராப் டப்பாவுலதான் போடணும்."

அவ்வளவுதான் விஷயம். கொஞ்சம் இருட்டாக எடுத்த படம் ரீவொர்க், வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எரிந்துபோன வெள்ளை ஸ்கிராப். ஆகவே வெள்ளைப் பறவை என்றால் வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடு. கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் பறவையைத் தொட்டால் ஒரு சின்னச் சூரியன் வருமே, அதைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள்.

பின்னூட்டம் சொல்பவருக்கும் இதில் பாடம் உண்டு. எது ரீவொர்க், எது ஸ்கிராப் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். திருத்தக்கூடிய படத்தைத் தூக்கி எறியச் சொல்லக் கூடாது. திருத்தவே முடியாததை 'கொஞ்சம் சரி பண்ணிக்கலாம்' என்று ஏமாற்றவும் கூடாது.

மூன்றாவது படம்: நான் தோற்ற கதை

அடுத்தது மடையான். ஏரிக்கரையில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, தவம் செய்கிற மாதிரி நிற்குமே, அதுதான். இறகெல்லாம் தெளிவு. கண் மட்டும் பால் ஊற்றிய மாதிரி மங்கலாக இருந்தது.

எனக்குப் பெரிய மனிதத் தோரணை வந்துவிட்டது. "பறவைப் படத்துக்குக் கண்ணுதான் உயிர். கண்ணு ஃபோகஸ் ஆகலை. இதைத் தூக்கிப் போட்டுடு" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்தை எடுத்து வைத்தாள். அதே மடையான், அதே இடம், அடுத்த நொடி. கண் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. இமைக்கும் நேரத்தில் கேமராவின் குவியம் இப்படி மாறுமா என்ன?

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பறவைகளுக்கு மேல் இமை, கீழ் இமை போக மூன்றாவதாக ஓர் இமை உண்டு. மெல்லிய தோல் போன்ற படலம். அலகுப் பக்கம் இருக்கும் மூலையிலிருந்து கண்ணின் குறுக்கே திரைபோல ஓடி, கண்ணைத் துடைத்து ஈரமாக்கிவிட்டுத் திரும்பிவிடும். அவள் படம் பிடித்தது அந்த நொடியை! நான் ஸ்கிராப் என்று சொன்னது உண்மையில் அபூர்வமான படம்.

அவள் அப்பா சிரித்துக்கொண்டே மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்தார். "மூடிப் பாருங்க மாப்ளே. பூஜ்யத்துல நிக்குதா? எதை அளக்கறதுக்கு முன்னாடியும் முதல்ல இதைப் பாக்கணும். இது தப்பா இருந்தா, அளக்குறதெல்லாம் தப்பு."

பள்ளியில் இதைச் 'சுழிப்பிழை' என்று படித்திருப்பீர்கள். கருவிக்கு மட்டுமல்ல, கருத்துச் சொல்பவருக்கும் சுழிப்பிழை உண்டு. படத்தில் ஏதாவது விநோதமாகத் தெரிந்தால், 'தப்பு' என்று சொல்வதற்கு முன்னால் 'இது எப்படி வந்தது?' என்று கேட்டுவிட வேண்டும். நான் கேட்டிருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

நான்காவது படம்: குக்குறுவான்

இது அன்று காலை எடுத்தது. கேமராத் திரையில் பார்த்தோம். கிளை கொஞ்சம் குறுக்கே வருகிறது. பின்னால் வானம் வெளுத்திருக்கிறது. ஆனால் நான் இந்த முறை அவசரப்படவில்லை. உருப்பெருக்கிப் பார்த்தேன். பறவையின் தொண்டை பலூன்போல உப்பியிருந்தது. அலகு இறுக மூடியிருந்தது.

"இது கூவுறப்ப எடுத்ததா?"

"ஆமா மாமா. ஆனா வாயே திறக்கலை. அதனால படம் சரியா வரலைன்னு நெனச்சேன்."

குக்குறுவான் வாயைத் திறந்து கூவாது! அலகை மூடிக்கொண்டு, தொண்டையை உப்பவைத்து, தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டு 'டுக் டுக்' என்று கத்தும். தலையைத் திருப்புவதால்தான் சத்தம் ஒரு சமயம் இந்தத் திசையிலிருந்தும் ஒரு சமயம் அந்தத் திசையிலிருந்தும் வருவதுபோல நம்மை ஏமாற்றும். அவள் எடுத்த படம் அந்தக் கூவலின் சாட்சி.

"நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தால், அவள் இதைத் தெரியாமல் செய்ததாகவே போயிருக்கும். "தொண்டை உப்பின நொடியைப் பிடிச்சிருக்க. அடுத்த தடவையும் தொண்டையைக் கவனிச்சு அமுக்கு" என்று சொன்னதும், தற்செயலாக நடந்தது ஒரு வித்தையாக மாறிவிட்டது. குறையைச் சொல்லும்போது மட்டுமல்ல, நிறையைச் சொல்லும்போதும் எங்கே, என்ன என்று சொல்ல வேண்டும்.

இதைப் பறவைகளே நமக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டன! வட அமெரிக்காவில் கௌபேர்டு என்றொரு பறவை. நம் ஊர்க் குயில்போல அடுத்த பறவையின் கூட்டில் முட்டையிடும். அதில் பெண் பறவை பாடாது. பிறகு இளம் ஆண் பறவை பாட்டை எப்படித் திருத்திக்கொள்கிறது? மெரிடித் வெஸ்ட், ஆண்ட்ரூ கிங் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1988இல் ஒன்றைச் சொன்னார்கள். இளம் ஆண் பாடிப் பழகும்போது, பிடித்த பாட்டு வந்ததும் பெண் பறவை சட்டென்று இறக்கையை ஒரு வெட்டு வெட்டும். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதைப் பார்த்த ஆண், அந்தப் பாட்டையே மறுபடி மறுபடி பாடும்.

2019இல் வரிக்குருவி என்று நாம் சொல்லக்கூடிய ஆஸ்திரேலிய 'ஸீப்ரா ஃபின்ச்' பறவையை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. பெண் பறவை இறகைச் சிலிர்த்துக்கொள்ளும் வீடியோவை இளம் ஆண் பறவைகளுக்குக் காட்டினார்கள். ஒரு பிரிவுக்கு, பாட்டுச் சரியாக வரும் நொடியில் வீடியோ. இன்னொரு பிரிவுக்கு அதே வீடியோ, அதே எண்ணிக்கை. ஆனால் பாட்டுக்குச் சம்பந்தமில்லாத நேரத்தில். வளர்ந்த பிறகு யார் நன்றாகப் பாடினார்கள்? முதல் பிரிவுதான். இரண்டு பிரிவுக்கும் பாராட்டு ஒரே அளவுதான் கிடைத்தது. எதற்காகப் பாராட்டு என்பது ஒரு பிரிவுக்கு மட்டும்தான் புரிந்தது.

சும்மா சும்மா 'சூப்பர்' சொல்வது இரண்டாவது பிரிவுக்குக் காட்டிய வீடியோ மாதிரி. கேட்க இனிக்கும், கற்றுக்கொள்ள உதவாது.

36 படம், பல நாள் காத்திருப்பு

சரியான நேரம் என்றதும் எனக்குப் பழைய ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். தஞ்சாவூரில் 1932இல் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, 2017இல் மறைந்த டி.என்.ஏ. பெருமாள், இந்தியாவின் முன்னோடிக் காட்டுயிர்ப் படக்கலைஞர்களில் ஒருவர். பல இளைஞர்களுக்கு ஆசானாகவும் இருந்தார். சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர்களைப் பற்றி எழுதியவர். கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுப்பார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். பீன்யாவில் பிறந்திருந்தால் நல்ல மெக்கானிக் ஆகியிருப்பார்!

அவர்கள் காலத்தில் ஒரு சுருள் ஃபிலிமில் 36 படம். முழுவதையும் எடுத்து முடித்து, இருட்டறையில் கழுவினால்தான் என்ன தப்பு என்றே தெரியும். அதற்குள் பறவை மட்டுமில்லை, பருவமே போயிருக்கும். பின்னூட்டம் அவ்வளவு தாமதம். அதனால் எடுத்ததைப் பற்றி நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது அந்தக் காலத்துப் படக்காரர்களின் நல்ல பழக்கம். இப்போது கேமராவின் முதுகில் அடுத்த நொடியே படம் தெரிகிறது. ஆனாலும் நம்மில் பலர் பார்ப்பதில்லை!

ஐந்தாவது படம்: யாரும் பேசாத படம்

கடைசிப் படத்தை அவள் பெருமையோடு வைத்தாள். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் கூடு. சிலந்தி வலை நூலால் கட்டி, மரப்பட்டைத் துணுக்குகளை ஒட்டி, பை மாதிரித் தொங்கும் கூடு. வாசலில் குஞ்சுகளின் வாய். அம்மா அலகில் பூச்சி. வெளிச்சம் கச்சிதம். கண்ணில் ஒளிப்புள்ளி. ஷட்டர் சரி. அளவில் ஒரு குறையும் இல்லை.

நான் குறை சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். "எவ்ளோ பக்கத்துல நின்ன?"

"பால்கனியிலதான் கூடு. கை நீட்டினா தொடலாம். செம்பருத்திக் கிளை மறைச்சுது. அதைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிட்டேன்."

"அம்மா எவ்ளோ நேரம் கழிச்சு வந்துது?"

யோசித்தாள். "ரொம்ப நேரம் ஆச்சு. தூரத்துக் கம்பியில உக்காந்து கத்திக்கிட்டே இருந்துது." சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

அந்தக் கிளைதான் கூட்டுக்குக் குடை. அதுதான் காகத்துக்கும் செம்போத்துக்கும் கூட்டைக் காட்டாமல் மறைத்த திரை. அது விலகினால் குஞ்சுகளுக்கு வெயிலும் ஆபத்து, எதிரியும் ஆபத்து. ஆள் பக்கத்தில் நின்றால் அம்மா இரையோடு வெளியிலேயே காத்திருக்கும். உள்ளே குஞ்சுகள் பட்டினி.

பறவைப் படக்கலையின் தொடக்க காலப் படங்களில் கூட்டுப் படங்களுக்கும் இடம் உண்டு. இங்கிலாந்தில் ரிச்சர்டு, செர்ரி என்ற கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் ஒரு பாடும் பறவையின் கூட்டையும் முட்டைகளையும் படம் எடுத்தார்கள். பறவைகள் பயப்படக் கூடாதே என்று, மாட்டுத் தோலைச் சட்டத்தின் மேல் போர்த்தி, பொய் மாடு ஒன்றைச் செய்து, அதன் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டுகூடப் படம் எடுத்தார்கள்! அப்போது கேமரா வைத்திருந்தவர்கள் சில பேர். இன்று ஒவ்வொரு சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது. ஒரு கூட்டின் முன்னால் நூறு பேர் வரிசையில் நின்றால் என்ன ஆகும்? அதனால்தான் பல காட்டுயிர்ப் படப் போட்டிகளில் இப்போது கூட்டுப் படங்களைச் சேர்ப்பதில்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பட்டியலில் இருக்கும் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

அவள் அப்பா மெதுவாகச் சொன்னார்: "ஜாப் அளவு கச்சிதமா இருக்கு. ஆனா அதைச் செய்யறப்ப பக்கத்து ஆளோட விரல் மெஷின்ல மாட்டியிருந்தா, அதை நல்ல வேலைன்னு யாராவது சொல்லுவாங்களா?"

அவள் எழுந்து பால்கனிக்குப் போனாள். கயிற்றை அவிழ்த்தாள். செம்பருத்திக் கிளை தன் இடத்துக்குத் திரும்பியது. அன்று முழுக்கப் பால்கனிக் கதவு மூடியே இருந்தது.

நீங்களும் செய்து பாருங்கள்

நண்பர் ஒருவர் எடுத்த பறவைப் படம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் பேசாமல் பாருங்கள். பிறகு ஒரு தாளில் ஐந்தே வரி எழுதுங்கள்.

1. பறவை என்ன செய்துகொண்டிருக்கிறது? பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.
2. எடுத்தவரிடம் ஒரு கேள்வி: எவ்வளவு தூரம், எந்த நேரம், பறவை பயந்ததா?
3. நன்றாக வந்த ஓர் இடம். 'எல்லாம்' என்று எழுதக் கூடாது, இடத்தைக் காட்டுங்கள்.
4. மாற்ற வேண்டிய ஒன்று. எங்கே, எவ்வளவு? ரீவொர்க்கா, ஸ்கிராப்பா?
5. அடுத்த முறை செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம். பத்துக் காரியம் சொன்னால் ஒன்றுகூட மனதில் நிற்காது.

எழுதியதை அவரிடம் கொடுத்துவிட்டு, உங்கள் படத்தையும் நீட்டுங்கள். உங்கள் சுழிப்பிழை எவ்வளவு என்று அப்போது தெரிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்துக் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. கரும்பருந்து. ஷட்டர் 2000. ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரிகிறது. கவைபோலப் பிளந்த வால் கடைசி நுனிவரை முழுதாக இருக்கிறது. ஆனால் அவசரத்தில் அலகு படத்துக்கு வெளியே போய்விட்டது!

போன் செய்தேன். "அப்பா என்ன சொன்னாரு?"

"பாத்துட்டுச் சிரிச்சாரு மாமா. 'இது புதுத் தப்பு. பழைய தப்பு திரும்ப வரலை. பாஸ்!'னு சொல்லிட்டாரு."

பின்னால் எங்கேயோ 'டுக்... டுக்... டுக்...' என்று கேட்டது.

"குக்குறுவானா?"

"இல்லை மாமா," என்று சிரித்தாள், "இன்னிக்கு நிஜமாவே யாரோ தகரம் தட்டுறாங்க."